ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பைத்தான் சர்வீஸ்: லைப்ரரிகள் மோதாமல் விண்டோஸில் ஓட்டுவது எப்படி

மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டு. எடைமேடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அறை, அதில் ஒரு விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். லாரி மேடையில் ஏறியதும் எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படித்து டேட்டாபேஸில் எழுதுகிற பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று அதில் ஒரு வருடமாகப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதைத் தொடவே இல்லை. போன நவம்பர் மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. விடிகாலை நாலு மணிக்குப் போன்: "அண்ணா, எடை வர மாட்டேங்குது, வண்டி எல்லாம் மெயின் ரோடு வரைக்கும் நிக்குது." திருவொற்றியூரிலிருந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

லாக் ஃபைலில் ஒரே எரர்தான் திரும்பத் திரும்ப இருந்தது. 'சீரியல்' என்ற மாட்யூலில் 'சீரியல்' என்று ஒரு அட்ரிபியூட்டே இல்லையாம். நேற்று வரைக்கும் இருந்தது எங்கே போனது?

விஷயம் இதுதான். பத்து நாள் முன்னால் வேறு ஒருவர் வந்து அதே கம்ப்யூட்டரில் இன்னொரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறார். அதற்கும் சீரியல் போர்ட் வேண்டும், ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'இம்போர்ட் சீரியல்' என்று இருந்ததால் அவர் லைப்ரரிகளை ஏற்றும் பிப் என்ற கருவியைக் கூப்பிட்டு 'பிப் இன்ஸ்டால் சீரியல்' என்று அடித்துவிட்டார். ஆனால் சீரியல் போர்ட்டுக்கான லைப்ரரியின் பெயர் பைசீரியல். 'சீரியல்' என்ற பெயரில் பிப் கொண்டுவருவது அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறு ஒரு லைப்ரரி. இரண்டுமே 'சீரியல்' என்ற ஒரே பெயருள்ள ஃபோல்டரில்தான் போய் உட்காரும். பிப் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய ஃபைலின் மேல் புதியதை எழுதிவிடும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வரியைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் அடிப்பார்கள். எல்லாருடைய சாமானையும் ஒரே அலமாரியில் வைத்ததுதான் தப்பு.

பத்து நாள் ஏன் எதுவும் தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான், தொடங்கும்போதே மாட்யூல்களை மெமரியில் ஏற்றிவிடுகிறது, டிஸ்கில் ஃபைல் மாறினாலும் அதற்குத் தெரியாது. அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் புதிய ஃபைலைப் படிக்கும், அன்றைக்குத்தான் விழும். நம் பக்கத்தில் அந்த ரீஸ்டார்ட் பெரும்பாலும் கரண்ட் போகிற ராத்திரியில்தான் வருகிறது. லைப்ரரி மோதலில் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான், செய்த நேரத்தில் வலிக்காது.

பெயர் மோதல் ஒரு வகை. அதைவிட அடிக்கடி வருவது வெர்ஷன் மோதல். ஒரு பைத்தான் தன் லைப்ரரிகளை வைக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் ஒரு லைப்ரரிக்கு ஒரு வெர்ஷன்தான் இருக்க முடியும். 2023 ஜனவரியில் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் 2.0 வந்தபோது, எஞ்சினிலேயே நேரடியாக எக்ஸிக்யூட் கூப்பிடும் பழைய வழியை எடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஜூனில் வந்த பைடான்டிக் 2, செட்டிங்ஸ் படிக்கும் பகுதியைத் தனி பேக்கேஜாகப் பிரித்துவிட்டது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்ததும், நம்பை 1-க்காகக் கம்பைல் செய்திருந்த பல லைப்ரரிகள் இம்போர்ட் ஆகும்போதே நின்றன. ஒரு மெஷினில் மூன்று சர்வீஸ், அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடும் மூன்று புரோகிராம், ஒரே பைத்தானைப் பகிர்ந்தால், ஒன்றுக்காக நீங்கள் ஏற்றும் வெர்ஷன் மற்ற இரண்டையும் சேர்த்து இழுக்கும். இதற்கு வெர்ஷன்களைப் பார்த்துப் பார்த்துச் சமரசம் செய்கிற வேலை எல்லாம் வேண்டாம். ஒரு சர்வீஸுக்கு ஒரு ஃபோல்டர், அந்த ஃபோல்டருக்குள்ளேயே அதன் பைத்தான், அதன் லைப்ரரிகள். எதையும் எதோடும் பகிராதீர்கள். கீழே எழுதுவது எல்லாம் இதை விண்டோஸில் ஒழுங்காகச் செய்வதற்கான வழிதான்.

ஒரு குறிப்பு. கமாண்ட், ஃபைல் பெயர் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், மெஷினில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஃபோல்டர் பெயர்களும் ஆங்கிலத்தில், ஸ்பேஸ் இல்லாமல், சின்னதாக இருக்கட்டும். விண்டோஸில் பாத் நீளத்துக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னமும் பல இடங்களில் கடிக்கிறது.

முதலில் பைத்தான்

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் பைத்தான் சர்வீஸுக்கு ஒத்துவராது, அது லாகின் செய்திருக்கும் யூசருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகிறது. பைத்தான்.ஆர்க் தளத்தின் சாதாரண இன்ஸ்டாலரை எடுங்கள், 'கஸ்டமைஸ்' போய் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' டிக் செய்யுங்கள். அப்போது அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போகும். டிக் செய்யாவிட்டால் உங்கள் யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடும், வேறு அக்கவுண்டில் ஓடுகிற சர்வீஸால் அதைத் தொட முடியாது. 'பாத்-இல் சேர்' என்ற டிக்கை நான் போடுவதே இல்லை; பாத் என்பது இங்கே, கமாண்டுகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். பாத்-ஐ நம்பி வேலை செய்தால் நாளைக்கு யாராவது புதிய பைத்தான் போட்டதும் 'பைத்தான்' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறிவிடும். இந்த இன்ஸ்டாலரோடு 'பை' என்று ஒரு லாஞ்சர் கூடவே வருகிறது, 'பை -3.11' என்றால் 3.11, 'பை -3.12' என்றால் 3.12. இரண்டும் ஒரே மெஷினில் சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்.

மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் இன்னமும் விண்டோஸ் 7 ஓடும் பில்லிங் மெஷின்களைப் பார்க்கிறேன். அதில் ஓடும் கடைசி பைத்தான் 3.8, அதற்கும் 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. 3.13-க்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். வேலையை ஒத்துக்கொள்ளும் முன்னாலேயே இதைக் கேட்டுவிடுங்கள், மெஷினை மாற்றச் சொல்வதுதான் அங்கே நேர்மையான பதில்.

ஃபோல்டரும் வென்வும்

சி டிரைவில் 'சர்வீஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'எடை', 'ரிப்போர்ட்', 'வெப்' என்று சர்வீஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் கோடுக்கு 'ஆப்', பைத்தானையும் லைப்ரரிகளையும் தனியாகப் பிரித்து வைக்க 'வென்வ்' (வர்ச்சுவல் என்விரான்மெண்ட்), லாக் எழுத 'லாக்', இன்ஸ்டால் ஃபைல்களுக்கு 'வீல்ஸ்'. யூசரின் டெஸ்க்டாப்பிலோ டாகுமெண்ட்ஸிலோ வைக்காதீர்கள். அப்புறம்:

பை -3.11 -எம் வென்வ் சி:\சர்வீஸ்\எடை\வென்வ்

வென்வ் பைத்தான் 3.3 முதலே கூடவே வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'ஸ்கிரிப்ட்ஸ்' என்பதற்குள் ஒரு பைத்தான்.எக்ஸி, பிப்.எக்ஸி, 'லிப்' என்பதற்குள் இந்த சர்வீஸுக்கு மட்டுமான சைட்-பேக்கேஜஸ், மேலே பைவென்வ்.சிஎஃப்ஜி என்று ஒரு சின்ன ஃபைல். அந்தச் சின்ன ஃபைலில் அடிப்படை பைத்தான் எந்த இடத்தில் இருக்கிறது என்று முழுப் பாத்-உம் எழுதியிருக்கும். அதனால்தான் வென்வை பென்டிரைவில் காப்பி செய்து வேறு மெஷினில் ஒட்டினால் ஓடாது, அங்கே புதிதாக உருவாக்க வேண்டும். அடிப்படை பைத்தானை அன்இன்ஸ்டால் செய்தாலும் வென்வ் செத்துவிடும்.

இங்கே நிறையப் பேர் தடுமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. வென்வ் என்றாலே முதலில் 'ஆக்டிவேட்' செய்ய வேண்டும் என்று பழகியிருக்கிறோம். ஆக்டிவேட் என்பது நீங்கள் கமாண்ட் விண்டோவில் உட்கார்ந்து அடிக்கும்போது பாத்-ஐ உங்களுக்கு வசதியாக மாற்றித் தருகிற ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். சர்வீஸ் எந்த விண்டோவிலும் உட்கார்ந்து அடிக்காது. வென்வுக்குள் இருக்கும் பைத்தான்.எக்ஸியை முழுப் பாத்-ஓடு கூப்பிட்டால் போதும், தன்னுடைய லைப்ரரி எங்கே என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆக்டிவேட் செய்துவிட்டு பைத்தானைக் கூப்பிடும் பேட்ச் ஃபைலை எழுதி, அதை சர்வீஸாக்கி, பிறகு ஸ்டாப் கொடுத்தால் நிற்க மாட்டேன் என்கிறதே என்று அலைய வேண்டாம்.

லைப்ரரிகளை ஏற்றுவது

பிப்-ஐத் தனியாகக் கூப்பிடாதீர்கள். எந்த பைத்தானுக்கு ஏற்ற வேண்டுமோ அந்த பைத்தானின் வாய் வழியாகக் கூப்பிடுங்கள்:

சி:\சர்வீஸ்\எடை\வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\பைத்தான்.எக்ஸி -எம் பிப் இன்ஸ்டால் பைசீரியல்

நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த வரியைப் பார்த்தாலே எங்கே போகிறது என்று தெரிகிறது. வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்றால் எந்த பைத்தானுக்குப் போனது என்று தேட வேண்டும். சில சமயம் எழுத உரிமை இல்லாததால் யூசர் இன்ஸ்டாலுக்குப் போகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு உங்கள் ஆப்டேட்டாவில் போட்டுவிடும். உங்களுக்கு ஓடும், சர்வீஸுக்கு ஓடாது, ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

வெர்ஷனைப் பூட்டுங்கள். உங்களுக்கு நேரடியாக வேண்டிய லைப்ரரிகளை மட்டும் ஒரு ஃபைலில் எழுதி, பிப்-டூல்ஸ் என்ற கருவியின் 'பிப்-கம்பைல்' கொடுத்தால், அவை இழுத்துக்கொண்டு வரும் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் சரியான வெர்ஷன் எண்ணோடு ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை எழுதித் தரும். யுவி என்ற புதிய கருவியும் இதையே மிக வேகமாகச் செய்கிறது, பிடித்திருந்தால் அதை எடுங்கள். ஏற்கனவே ஓடுகிற பழைய சர்வீஸ் என்றால் 'பிப் ஃப்ரீஸ்' எடுத்து வைத்துக்கொள்வதே இப்போதைக்குப் போதும். ஏற்றி முடித்ததும் 'பிப் செக்' ஒரு தடவை ஓட்டுங்கள். ஒரு லைப்ரரி கேட்கும் வெர்ஷனும் உள்ளே இருக்கும் வெர்ஷனும் ஒத்துப்போகிறதா என்று அது சொல்லும். ஆனால் நான் மேலே சொன்ன சீரியல், பைசீரியல் மாதிரியான பெயர் மோதலை அது பிடிக்காது. அதற்கு உங்கள் கண்தான்.

யார்டுகளில் நெட் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் இருக்கும்போதே, அதே பைத்தான் வெர்ஷன், அதே 64 பிட் விண்டோஸில் 'பிப் டவுன்லோட்' கொடுத்து எல்லா வீல் ஃபைல்களையும் ஒரு ஃபோல்டரில் இறக்கிவிடுகிறேன், '--ஒன்லி-பைனரி :ஆல்:' என்பதையும் சேர்த்து. அதைச் சேர்க்காவிட்டால் சில லைப்ரரிகள் சோர்ஸாக வந்து, அங்கே போன பிறகு சி கம்பைலர் கேட்கும். யார்டில் போய் '--நோ-இண்டெக்ஸ்', '--ஃபைண்ட்-லிங்க்ஸ்' இரண்டையும் கொடுத்து அந்த ஃபோல்டரிலிருந்தே ஏற்றலாம், நெட்டே தேவையில்லை. வீல் ஃபைலின் பெயரிலேயே சிபி311, வின்_ஏஎம்டி64 என்று எழுதியிருக்கும். பைத்தான் 3.12-க்கு எடுத்துக்கொண்டு போய் 3.11-இல் போட்டால் ஏறாது, கிளம்பும் முன் அந்தப் பெயரை ஒரு தடவை பாருங்கள். இந்த வீல்ஸ் ஃபோல்டரை அழிக்காமல் மெஷினிலேயே விடுகிறேன். இரண்டு வருடம் கழித்து டிஸ்க் போனாலும் அன்றைக்கு ஓடிய அதே வெர்ஷன்களோடு அரை மணி நேரத்தில் திரும்ப எழுப்ப முடியும்.

சர்வீஸாக்குவது

விண்டோஸின் 'எஸ்சி கிரியேட்' கமாண்ட் கொடுத்து பைத்தான்.எக்ஸியை நேரடியாக சர்வீஸாகப் பதிந்தால் பதியும், ஸ்டார்ட் கொடுத்தால் 30 விநாடி யோசித்துவிட்டு எரர் 1053 வரும். விண்டோஸ் ஒரு சர்வீஸைத் தொடங்கியதும் அது 'நான் வந்துவிட்டேன்' என்று சர்வீஸ் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும், சாதாரண பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அந்தப் பேச்சு தெரியாது. நடுவில் பேசித் தர ஒரு ஆள் வேண்டும். பைவின்32 என்ற லைப்ரரி மூலம் ஸ்கிரிப்டையே அப்படிப் பேச வைக்கலாம், ஆனால் அதன் பைத்தான்சர்வீஸ்.எக்ஸி வென்வுக்குள் இருக்கும்போது டிஎல்எல்களை (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோட் ஃபைல்களை) தேடித் தடுமாறும் என்பதால், வென்வ் பிரித்து வைக்கிற நம் வழிக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. நடுவில் பேசித் தர விண்எஸ்டபிள்யூ என்று ஒன்று இருக்கிறது, எக்ஸ்எம்எல் ஃபைலில் எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம், நல்ல கருவி. நான் பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும் என்எஸ்எஸ்எம் போடுகிறேன். அதன் 2.24 வெர்ஷன் 2014-இல் வந்தது. விண்டோஸ் 10-இன் 2017 அப்டேட்டுக்குப் பிறகு அது சில மெஷினில் தொடங்காமல் அடம்பிடிக்கும் என்பதால் என்எஸ்எஸ்எம் தளத்திலேயே இருக்கும் 2.24-101 என்ற பில்டை எடுங்கள்.

எடுத்ததும் என்எஸ்எஸ்எம்.எக்ஸியை சி டிரைவின் சர்வீஸ் ஃபோல்டருக்குள் வையுங்கள், அப்புறம்தான் இன்ஸ்டால். பதியும் சர்வீஸ் அந்த எக்ஸியைத்தான் சுட்டும், டவுன்லோட்ஸில் இருந்தபடியே பதிந்துவிட்டு பிறகு யாராவது டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்தால் எல்லா சர்வீஸும் ஒன்றாகப் போகும்.

அட்மினாகத் திறந்த கமாண்ட் விண்டோவில் 'என்எஸ்எஸ்எம் இன்ஸ்டால் எடை' என்று கொடுத்தால் ஒரு ஜன்னல் திறக்கும். பாத் என்ற இடத்தில் வென்வுக்குள் இருக்கும் பைத்தான்.எக்ஸி. ஆர்குமெண்ட்ஸில் '-யு' போட்டு அப்புறம் ஸ்கிரிப்டின் முழுப் பாத். ஸ்டார்ட்அப் டைரக்டரியில் 'ஆப்' ஃபோல்டர். இதைக் கண்டிப்பாகப் போடுங்கள், விட்டுவிட்டால் என்எஸ்எஸ்எம் பைத்தான்.எக்ஸி இருக்கும் ஃபோல்டரையே எடுத்துக்கொள்ளும் என்பதால் 'கான்ஃபிக்.ஐஎன்ஐ' என்று மொட்டையாகத் திறக்கச் சொன்னால் அங்கேதான் போய்த் தேடும். '-யு' எதற்கு என்றால், பிரிண்ட் செய்வது லாக்குக்கு உடனே போக. இல்லாவிட்டால் பஃபர் என்ற தற்காலிக மெமரியில் தங்கி, கரண்ட் போனதும் கடைசிச் சில வரிகள், அதாவது உங்களுக்கு வேண்டிய வரிகள், காணாமல் போகும். ஐ/ஓ பக்கத்தில் அவுட்புட்டுக்கும் எரருக்கும் லாக் ஃபைல் கொடுங்கள், ஃபைல் ரொட்டேஷனில் டிக் போட்டு அளவு கொடுங்கள்.

என்விரான்மெண்ட் பக்கத்தில் நான் எப்போதும் போடுவது ஒன்று உண்டு: பைத்தான்யுடிஎஃப்8=1. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு சர்வீஸ் எழுதியபோது கையால் ஓட்டினால் ஓடியது, சர்வீஸாகப் போட்டால் முதல் பில்லிலேயே விழுந்தது. காரணம், பில்லில் இருந்த தமிழ்ப் பெயர். கமாண்ட் விண்டோவில் தமிழை எழுதத் தெரிந்த பைத்தான், அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பியதும் விண்டோஸின் பழைய 1252 எழுத்துக் குறியீட்டுக்குப் போய்விடுகிறது, அதில் தமிழே கிடையாது. இந்த ஒரு வரி அதைத் தீர்க்கும், பைத்தான் 3.7-இல் இருந்து வேலை செய்கிறது. தமிழில் வேலை செய்கிற நமக்கு இது கூடுதல் வசதி கிடையாது, கட்டாயம்.

எக்ஸிட் ஆக்ஷனில் ஸ்கிரிப்ட் விழுந்தால் திரும்ப எழுப்பு என்பது ஏற்கனவே இருக்கும். தொடங்கிய ஒன்றரை விநாடிக்குள் விழுந்துகொண்டே இருந்தால் என்எஸ்எஸ்எம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும், சர்வீஸ் பட்டியலில் 'பாஸ்டு' என்று காட்டும். யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், இம்போர்ட்டிலேயே விழுகிறது என்று அர்த்தம், நேராக எரர் லாக்கைத் திறங்கள். ஸ்டாப் கொடுக்கும்போது அது முதலில் கண்ட்ரோல்-சி அனுப்பும், பைத்தானுக்கு அது கீபோர்டுஇன்டரப்ட்டாக வரும். போர்ட்டை மூடுவது, டேட்டாபேஸை மூடுவது எல்லாவற்றையும் 'ஃபைனலி'யில் வைத்திருந்தால் சுத்தமாக நிற்கும். அதற்கு ஒன்றரை விநாடிதான் நேரம் தருகிறது, ஷட்டவுன் பக்கத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் ஒரு சர்வீஸுக்கு இரண்டு பைத்தான்.எக்ஸி தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸில் வென்வுக்குள் இருப்பது ஒரு சின்ன லாஞ்சர், அது அடிப்படை பைத்தானைக் குழந்தையாக எழுப்பிவிட்டுக் காத்திருக்கும். ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாதீர்கள்.

எந்த அக்கவுண்டில் ஓட வேண்டும்? சும்மா விட்டால் லோக்கல் சிஸ்டம், அது அந்த மெஷினில் எதையும் செய்யலாம். எடை படிக்கும் ஸ்கிரிப்டுக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு? அட்மின் இல்லாத தனி யூசர் ஒன்றை உருவாக்கி, சர்வீஸ் ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுத்து, அதில் ஓட்டுகிறேன். அந்த யூசரின் பாஸ்வேர்டு மாறினால் சர்வீஸ் எரர் 1069 சொல்லி நிற்கும், அதனால் காலாவதி ஆகாத பாஸ்வேர்டாக வையுங்கள். இன்னொன்று, நீங்கள் லாகின் செய்து 'இசட்' டிரைவ் என்று மேப் செய்து வைத்திருப்பது சர்வீஸுக்குத் தெரியாது. ஆபீஸ் சர்வரில் எழுத வேண்டுமானால் இரண்டு பின்சாய்கோட்டோடு தொடங்கும் முழு நெட்வொர்க் பாத் கொடுங்கள். சர்வீஸ் எந்த ஜன்னலையும் திரையில் காட்டவும் முடியாது, விஸ்டாவிலிருந்தே அது தனி செஷனில்தான் ஓடுகிறது.

ராத்திரி ஒரு தடவை ஓடி எக்ஸெல் ரிப்போர்ட் போடுகிற வேலைக்கு சர்வீஸே வேண்டாம், டாஸ்க் ஷெட்யூலர் போதும். அங்கேயும் அதே வென்வ் பைத்தானின் முழுப் பாத். 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் பாத்-ஐக் கோட்ஸ் இல்லாமல் எழுதுங்கள். லேப்டாப்பாக இருந்தால் 'கரண்டில் இருந்தால் மட்டும்' என்ற டிக்கை எடுங்கள். எப்போதும் ஓடும் ஸ்கிரிப்டை அதில் போட ஆசைப்படாதீர்கள், சும்மா விட்டால் மூன்று நாள் ஆனதும் அது டாஸ்க்கை நிறுத்திவிடும்.

பிரித்து வைத்த பிறகும் கசியும் இடங்கள்

பைத்தான்பாத் என்ற என்விரான்மெண்ட் வேரியபிளை யாராவது சிஸ்டம் முழுக்க வைத்திருந்தால், எத்தனை வென்வ் போட்டாலும் அந்த ஃபோல்டர்தான் சைட்-பேக்கேஜஸுக்கு முன்னால் போய் நிற்கும். பழைய சாஃப்ட்வேர் சில இன்ஸ்டால் ஆகும்போது இதை வைத்துவிட்டுப் போகின்றன. சிஸ்டம் வேரியபிள்களில் பாருங்கள், இருந்தால் யாருக்காக என்று விசாரித்துவிட்டு எடுங்கள். எடுத்த பிறகு மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால்தான் சர்வீஸ்களுக்குப் புதிய நிலை தெரியும்.

உங்கள் சொந்த ஃபைலின் பெயரும் மோதும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் தேடும் என்பதால் நீங்களே சீரியல்.பிஒய், க்யூ.பிஒய், ஈமெயில்.பிஒய் என்று ஃபைல் வைத்திருந்தால் உண்மையான மாட்யூல் மறைந்துவிடும். எல்லா ஃபைலுக்கும் முன்னால் எடை_ என்று ஒட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது.

அப்புறம் டிஎல்எல். 'டிஎல்எல் லோட் ஃபெயில்டு' என்று வந்தால் முதலில் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா பாருங்கள், புதிதாக விண்டோஸ் போட்ட மெஷின்களில் பெரும்பாலும் அதுதான். வேறு கம்பெனியின் டிரைவர் டிஎல்எல் வேண்டும் என்றால், பைத்தான் 3.8-இல் இருந்து எக்ஸ்டென்ஷன் மாட்யூல்களுக்கு அது பாத்-இல் தேடுவதில்லை, ஓஎஸ் மாட்யூலின் 'ஆட் டிஎல்எல் டைரக்டரி' கொடுத்து நீங்கள்தான் இடத்தைக் காட்ட வேண்டும்.

சீரியல் போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். இரண்டு சர்வீஸுக்கும் எடை வேண்டுமானால் ஒன்று படித்து டேட்டாபேஸில் எழுதட்டும், மற்றது அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த யார்டில் இரண்டாவது ஸ்கிரிப்டையும் கடைசியில் அப்படித்தான் மாற்றினோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் யுஎஸ்பி-சீரியல் கேபிள்கள் பலதும் வேறு ஓட்டையில் செருகினால் போர்ட் எண்ணை மாற்றிக்கொள்ளும், ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மெஷின் எழும்போது டிரைவர் வருவதற்குள் சர்வீஸ் முந்திக்கொண்டால் ஸ்டார்ட்அப்பை 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு' என்று மாற்றுங்கள், ஏறத்தாழ 2 நிமிடம் தள்ளித் தொடங்கும். அந்த 2 நிமிடம் லாரிக்காரர் பொறுப்பார்.

சரியான பைத்தானில்தான் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே சிஸ்.எக்ஸிக்யூட்டபிள், சிஸ்.பாத், முக்கியமான லைப்ரரிகளின் வெர்ஷன், அவற்றின் ஃபைல் இருக்கும் இடம், இவ்வளவையும் லாக்கில் எழுத வையுங்கள். நான்கைந்து வரிதான். விடிகாலை நாலு மணிக்கு போனிலேயே "தம்பி, லாக்ல முதல் அஞ்சு வரியப் படி" என்று கேட்டுப் பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்டேட் செய்யும் நாள்

ஓடுகிற வென்வுக்குள் 'பிப் இன்ஸ்டால் --அப்கிரேட்' கொடுக்கவே கொடுக்காதீர்கள். விண்டோஸ், பயன்பாட்டில் இருக்கும் பைனரி ஃபைல்களைப் பூட்டி வைக்கும், பாதி ஏறிப் பாதி ஏறாமல் நிற்கும் அபாயம் உண்டு. பக்கத்திலேயே 'வென்வ்2' என்று புதியதை உருவாக்கி, வீல்ஸிலிருந்து ஏற்றி, 'பிப் செக்' ஓட்டி, அந்த பைத்தானைக் கொண்டு எல்லா லைப்ரரியையும் ஒரு தடவை இம்போர்ட் செய்து பாருங்கள். இவ்வளவும் பழைய சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். அப்புறம் மேடையில் லாரி இல்லாத நேரமாகப் பார்த்து சர்வீஸை நிறுத்தி, 'என்எஸ்எஸ்எம் எடிட் எடை' கொடுத்து பாத்-இல் வென்வ் என்பதை வென்வ்2 ஆக்கி, தொடங்குங்கள். சரியாக வரவில்லையா, அதே இடத்தில் பழைய பெயரைத் திரும்பப் போட்டால் முடிந்தது. பழைய வென்வை ஒரு மாதமாவது வைத்திருக்கிறேன், டிஸ்கில் அது அடைக்கும் இடம் பெரிய விஷயம் இல்லை.

கடைசியாக மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து திரும்ப ஆன் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், விண்டோஸ் 8-இல் இருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுனில் சிஸ்டம் பகுதி அப்படியே தூங்கப் போட்டு எழுப்பப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், கரண்ட் போய் வந்தால் என்ன நடக்குமோ அதே நிலை வரும். யாரும் லாகின் செய்யாமல், லாகின் திரை காட்டும்போதே, போனில் 'வெப்' சர்வீஸ் காட்டும் பக்கத்தைத் திறந்து எடை வருகிறதா என்று பாருங்கள். மேடையில் நீங்களே ஏறி நின்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு லாரி வரும்வரை டீ குடித்துக்கொண்டு இருங்கள், அதன் எடை டேட்டாபேஸில் விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பையை எடுங்கள்.